300 மீற்றருக்கு அப்பால்: ஒலுவில் மணலும் பல்கலைக்கழகப் படிப்பும்

1. கேள்வி

இலங்கையில் கரையோரம் எது என்பதைச் சட்டம் அளந்து வைத்திருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர், சராசரித் தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றர். ஆறோ வாவியோ கடலோடு சேரும் இடங்களில் மட்டும் தரைப்பக்க எல்லை 2 கிலோமீற்றர்வரை உள்ளே போகலாம். சட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும். அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் கரையில் கிடக்கும் மணலும் கிணற்றில் ஊறும் நீரும் அந்த எல்லைக்குள் பிறப்பவை அல்ல.

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே போனால் நாவிதன்வெளிப் பிரதேச செயலகப் பிரிவு. திருச்சிலுவை ஆலயத்தால் பெயர்பெற்ற கத்தோலிக்க ஊரான சொறிக்கல்முனை அதற்குள் இருக்கிறது. வட்டைகள் எனப்படும் வயல்வெளிகளுக்கு நடுவே கிடக்கும் ஊர் அது. சட்டக் கணக்கில் அது கரையோரம் அல்ல. ஆனால் நிலவியல் கணக்கில், கல்லோயாப் படுகைக்கும் கடலோர மணல் மேட்டுக்கும் இடையிலுள்ள அதே தாழ்நிலத்தின் பகுதி. ஒலுவில், நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஆகிய ஊர்களின் கதையை அதன் கதையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: அம்பாறைக் கரையோரம் கண்ட சூழல் இழப்புகள் புவி அறிவியல் தெரியாததால் நேர்ந்தவையா, அல்லது தெரிந்த அறிவியலும் முடிவெடுக்கும் முறையும் ஒன்றையொன்று சந்திக்காததால் நேர்ந்தவையா? முதலாவதுதான் காரணம் என்றால் புவிச்சரிதவியலாளர்களைக் கூடுதலாக உருவாக்கினால் போதும். இரண்டாவது என்றால், பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறோம், யாரோடு சேர்ந்து படிக்கிறோம் என்பதையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். என் பக்கம் இரண்டாவது. அதற்கான சான்றுகளை ஒலுவிலிலிருந்து தொடங்குகிறேன்.

2. ஒலுவிலில் நடந்தது

ஒலுவில் துறைமுகத்தின் எண்ணம் எம்.எச்.எம். அஷ்ரப்போடு சேர்ந்தது. 1994இல் துறைமுக, கப்பற்றுறை அமைச்சரான அவர், தென்கிழக்கின் மக்களுக்கென்று ஒரு துறைமுகமும் ஒரு பல்கலைக்கழகமும் வேண்டும் என்று நின்றார். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. 2000 செப்டெம்பர் 16 அன்று ஹெலிகொப்டர் விபத்தில் அவர் இறந்தபோது துறைமுகம் இன்னும் கட்டப்பட்டிருக்கவில்லை. டென்மார்க் நாட்டுக் கடனுதவியில் 2008இல் வேலை தொடங்கியது. 2013 செப்டெம்பர் 1 அன்று துறைமுகம் திறக்கப்பட்டது. எதிர்பார்த்ததுபோல வணிகக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகமாக அது இயங்கவில்லை. மீன்பிடித் துறைமுகமாகவும் அது ஒழுங்காக இயங்காததற்குக் காரணம் மணல்.

இலங்கையின் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை கரையைச் சாய்வாக வந்து அடிக்கும்போது மணலைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகும். வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் அலை அதைத் தெற்கே தள்ளும். ஆண்டின் மீதிக் காலத்தில் தெற்கிலிருந்து வரும் அலை வடக்கே தள்ளும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நகர்வு. இந்த நகர்வின் குறுக்கே கற்களைக் கொட்டி அலைத்தடுப்பணை போட்டால், தெற்கேயிருந்து வரும் மணல் அணையின் தென்புறத்தில் தேங்கும். வடபுறத்துக் கரையிலிருந்து அலை வழக்கம்போல மணலை எடுத்துக்கொண்டே இருக்கும். எடுத்த இடத்துக்கு ஈடு வந்து சேராது.

ஒலுவிலில் நடந்தது எழுத்துப் பிசகாமல் இதுதான். துறைமுகத்தின் தெற்கே கரை அகலமானது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரைவலை இழுத்த இடமும் வாடி போட்ட இடமும் தனியார் காணிகளும் கடலுக்குள் போயின. அரிப்பைத் தடுக்க ஓரிடத்தில் கருங்கல் கொட்டினால் அதற்கு அடுத்த இடம் அரிக்கத் தொடங்கியது. கூடவே, தென்புற அணையின் நுனியைச் சுற்றி வந்த மணல் அலையில்லாத துறைமுக வாயிலில் படிந்தது. படகுகள் உள்ளே வரவும் வெளியே போகவும் முடியாமல் போயிற்று.

2018 அளவில் இது ஊர்களுக்கிடையிலான சச்சரவாகவே மாறியது. வாயிலைத் தோண்டித் திறந்துவிடுங்கள் என்று ஆழ்கடல் படகுகளை நம்பியிருந்த மீனவர் போராடினார்கள். கடலரிப்புக்குத் தீர்வு வராமல் தோண்ட விடமாட்டோம் என்று ஒலுவில் மக்கள் நின்றார்கள். செய்திகளில் இது இரண்டு தரப்புகளின் நலன்கள் மோதுவதாகவே வந்தது. நிலவியல் பார்வையில் இரண்டும் ஒரே மணலைப் பற்றிய முறைப்பாடுகள். வாயிலை அடைத்த மணல், வடக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல். அதைத் தோண்டி எடுத்து அணைக்கு வடக்கே, அரித்த கரையில் தொடர்ந்து கொட்டினால் இரு தரப்பும் கேட்பதில் பெரும்பகுதி ஒரே வேலையில் நடக்கும். உலகின் பல துறைமுகங்களில் இது வழக்கமான பராமரிப்பு. ஆண்டுதோறும் செலவு வைக்கும், ஒருபோதும் முடியாத வேலை என்பதுதான் அதிலுள்ள சிக்கல். கட்டுவதற்குக் கடன் கிடைப்பதுபோல மணல் அள்ளிக்கொண்டே இருப்பதற்குக் கடன் கிடைப்பதில்லை.

இது முன்பு அறியாத விளைவு என்று சொல்ல இடமில்லை. வங்காள விரிகுடாவின் இந்தியக் கரையோரத்தில், மணல் இதேபோல வடக்கு நோக்கி நகரும் கரையில், 1870களில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய மெரினாவின் அகலம் உருவானது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை தேய்ந்தது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் கட்டிய துறைமுக அணைகள் நகரத்தின் கடற்கரையையே கரைத்துவிட்டன. பிரெஞ்சு நகரின் முன்னால் நெடுங்காலம் மணல் இல்லை, கற்குவியல் மட்டுமே. மெரினாவில் காற்று வாங்கப் போன எத்தனையோ ஈழத்து எழுத்தாளர்கள் அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று எழுதியதாக எனக்கு நினைவில்லை.

3. மூன்று விளக்கங்கள்

கடலரிப்புக்கு இப்பகுதியில் மூன்று விளக்கங்கள் புழங்குகின்றன. துறைமுகமே காரணம் என்பது ஒன்று. கடல்மட்ட உயர்வு, காலநிலை மாற்றம் என்பது இன்னொன்று. அதிகாரிகள் விரும்பும் விளக்கம் இது, ஏனென்றால் இதில் யாரும் பொறுப்பாளி இல்லை. மூன்றாவது, ஆறுகள் மணல் கொண்டுவருவது குறைந்துவிட்டது என்பது.

மூன்றாவதில் உண்மை உண்டு. அது பேசப்படுவதோ மிகக் குறைவு. பட்டிப்பளை ஆறு என்று இப்பகுதியார் அறிந்த கல்லோயா, கல்முனைக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றரில், ஒலுவில் பக்கத்தில்தான் கடலில் சேர்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டு சேனநாயக்க சமுத்திரம் எழுந்தது. மலையிலிருந்து வரும் மணலும் அடையலும் அந்த நீர்த்தேக்கத்தின் அடியில் தங்குகின்றன. அணைக்குக் கீழே ஆற்றிலும் மணல் அள்ளப்படுகிறது. ஆகவே இக்கரைக்கு வரவேண்டிய புதிய மணல், துறைமுகத்துக்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே குறைந்திருக்க வேண்டும். கல்லோயாவைக் குடியேற்ற அரசியலாக மட்டும் வாசித்துப் பழகிய நாம், அதைக் கரையின் மணல் வரவை மாற்றிய நிகழ்வாகவும் வாசித்திருக்கலாம்.

ஆனால் இரண்டாம், மூன்றாம் விளக்கங்கள் ஒரு சோதனையில் தோற்கின்றன. கடல்மட்டம் உயர்ந்ததுதான் காரணமென்றால் துறைமுகத்தின் இருபுறமும் கரை பின்வாங்க வேண்டும். ஆற்று மணல் குறைந்தது மட்டுமே காரணமென்றாலும் தென்புறம் இப்படி வளர்ந்திருக்க வழியில்லை. ஒருபுறம் வளர்ந்து மறுபுறம் தேய்வதும், அது அணை எழுந்த காலத்தை ஒட்டி வேகங்கொண்டதும் குறுக்கே நிற்கும் தடையின் கைரேகை. கடல்மட்ட உயர்வும் மணல் வரத்துக் குறைவும் பின்புலத்தில் இருந்து கரையை ஏற்கெனவே மெலிய வைத்திருக்கலாம். மெலிந்த கரையை உடைத்தது அலைத்தடுப்பணை. வேறு சான்று வராதவரை நான் இந்த வரிசையைத்தான் ஏற்பேன்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நடந்தது? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் பெருந்திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கின. கரையோர வலயத்துக்குள் முழுமையாக அடங்கும் திட்டமானால் அது கரையோரம் பேணல் சட்டத்தின் கீழ் வரும். மதிப்பீடு என்பது திட்டத்தின் எல்லையிலிருந்து வெளியே பார்ப்பது. எவ்வளவு தூரம் பார்ப்பது என்பதைப் பெரும்பாலும் திட்டம்தான் தீர்மானிக்கிறது. பிறகு பொறுப்புகளைப் பாருங்கள். துறைமுகத்தைக் கட்டியது துறைமுக அதிகாரசபை. அரித்த கரை கரையோரம் பேணல் திணைக்களத்துக்கு. சேர்ந்த மணலை எடுக்க 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி. இங்கினியாகலை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. காணி பிரதேச செயலகத்துக்கு. இழந்த தொழில் கடற்றொழில் திணைக்களத்துக்கு. மணல் ஒன்று, கோவைகள் ஆறு. மணலின் முழுப் பயணத்தையும் பொறுப்பேற்கும் மேசை எதுவும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் கரையோர முகாமைத்துவத் திட்டங்களை நிர்வாக எல்லைகளைக்கொண்டு மட்டும் பிரிக்காமல், மணல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கொண்டு 11 பெரும் அடையல் வலயங்களாகப் பகுத்து எழுதுகிறார்கள். அது எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டது என்றில்லை. ஆனால் மேசையாவது இருக்கிறது.

4. கிணறுகள்

துறைமுகம் அறிவியலைப் புறக்கணித்ததன் கதை என்றால், 2004 சுனாமிக்குப் பின் கிணறுகளுக்கு நேர்ந்தது நல்லெண்ணம் அறிவியலை முந்திக்கொண்டதன் கதை. எனக்கு இது துறைமுகத்தைவிட அதிகம் கற்பித்தது.

டிசெம்பர் 26 அன்று நாட்டின் மாவட்டங்களில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை. 10,000 பேருக்கு மேல். உயிர்தப்பியவர்களுக்கு அடுத்த நாளே குடிநீர் வேண்டியிருந்தது. கரையோரத்துக் கிணறுகளில் உப்பும் சேறும். தொண்டு நிறுவனங்கள் பம்பிகளோடு வந்து கிணறுகளை இறைத்தன. உப்புக் குறையவில்லை என்றதும் மறுபடியும் இறைத்தன.

மணல் மேட்டின் அடியில் இருக்கும் நன்னீர், கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு படலம். நன்னீருக்கும் கடல்நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டினால், கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர்வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவர் பெயரால் அறியப்படும் பழைய விதி. அதையே திருப்பிப் படிக்க வேண்டும்: மேலே சிறிது குறைத்தால் கீழேயிருந்து உப்பு பலமடங்கு ஏறிவர இடமுண்டு. மட்டக்களப்புக் கரையில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் சார்ந்த ஆய்வாளர்கள் அடுத்து வந்த மாதங்களில் கிணறுகளைத் தொடர்ந்து அளந்தபோது, மீண்டும் மீண்டும் இறைப்பது உதவவில்லை, சில இடங்களில் கெடுதலாகவும் இருக்கலாம் என்று கண்டார்கள். கிணற்றைச் சுத்தம் செய்துவிட்டு மழைக்காலத்துக்குக் காத்திருப்பதே நல்லது என்ற வழிகாட்டல் அதன் பின்னரே பரவியது.

இதிலிருந்து நான் பெறும் முடிவு, தொண்டு நிறுவனத்தாருக்கு நீர்ப் புவிச்சரிதவியல் கற்பிக்க வேண்டும் என்பதல்ல. கிணறு இறைத்த எண்ணிக்கை அறிக்கைகளில் சாதனையாக எழுதக்கூடியது. இறைக்காமல் விட்ட கிணற்றை எந்த நன்கொடையாளருக்கும் காட்ட முடியாது. தவறு அறிவில் மட்டும் இல்லை, அளவுகோலிலும் இருந்தது. அளவுகோல்கள் எப்படி உருவாகின்றன என்பதைப் படிப்பதுதான் கொள்கைக் கல்வி.

5. தூரத்தை ஆணையிடுதல்

சுனாமியின் பின் அரசு கரையிலிருந்து ஒரு தூரத்தை விலக்கு வலயமாக அறிவித்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அலை எவ்வளவு உள்ளே போனது என்பது கடலடியின் சரிவு, மணல் மேட்டின் உயரம், முகத்துவாரங்கள், மரங்கள் எல்லாவற்றையும் பொறுத்து இடத்துக்கு இடம் மாறியது. ஒரே எண்ணை மாகாணம் முழுவதற்கும் விதித்ததில் நிலவியல் மிகக் கொஞ்சம். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் 200 மீற்றர் என்பது ஒரு சமூகத்தின் வாழிடத்தில் பெரும்பங்கு. அதற்குப் பின்னால் வயல். 2005இன் இறுதியில் விதி தளர்ந்தது. மருதமுனை மேட்டுவட்டையில் இன்னொரு தூரத்தைச் சொல்லும் ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியில் 500 வீடுகள் எழுந்தன. அவற்றை யாருக்குப் பகிர்வது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் போக, வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து காடேறின. நிலவியல் ‘உள்ளே போ’ என்று சொல்லலாம். உள்ளே இருக்கும் நிலம் யாருடையது, மாவட்டத்தின் இன விகிதம் என்ன, யார் ஒப்பமிடுவது என்பவற்றை நிலவியல் சொல்லாது. இவற்றை அறியாத அறிவியல் ஆலோசனை இந்த மாவட்டத்தில் பாதி ஆலோசனைதான்.

6. பாடத்திட்டத்தின் பிளவு

இப்போது பல்கலைக்கழகத்துக்கு வருவோம். நாட்டில் புவிச்சரிதவியல் படிக்கப் பேராதனையில் துறை இருக்கிறது. மொறட்டுவையில் புவி வளப் பொறியியல். ருகுணையில் சமுத்திரவியலும் கடல்சார் புவிச்சரிதவியலும். சட்டம் படிக்கக் கொழும்பும் யாழ்ப்பாணமும் பேராதனையும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல், கலை கலாசார பீடத்தில் ஒலுவிலில் இருக்கிறது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். இந்தப் பிரிவு பல்கலைக்கழகத்தில் தொடங்கியதல்ல. க.பொ.த. உயர்தரத்தில் புவியியல் பெரும்பாலும் கலைப் பிரிவு மாணவரின் பாடம். பௌதிகமும் இரசாயனமும் வேறு பிரிவு. அலையின் விசையைக் கணக்கிடத் தெரிந்தவர் பிரதேச செயலகத்தின் அதிகாரம் எதுவென்று படிப்பதில்லை. காணிச் சட்டத்தையும் குடியேற்றத்தையும் படித்தவருக்கு அடையல் நகர்வின் கணிதம் எட்டுவதில்லை. முன்னவர் ஆங்கிலத்தில் படிக்கிறார், பின்னவர் பெரும்பாலும் தமிழில்.

ஒலுவில் கடலரிப்பைப் பற்றி உள்ளூர்ப் புவியியலாளர்கள் எழுதாமலில்லை. வெவ்வேறு ஆண்டுகளின் செய்மதிப் படங்களை ஒப்பிட்டுக் கரைக்கோடு எவ்வளவு நகர்ந்தது என்று ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவை இழப்பை அளக்கின்றன. பரிந்துரைப் பகுதிக்கு வந்ததும் இத்தகைய கட்டுரைகள் வழக்கமாக ‘உரிய அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று நின்றுவிடுகின்றன. எந்த அதிகாரி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், எந்த வரவுசெலவுத் தலைப்பிலிருந்து? இது ஆய்வாளரின் சோம்பல் அல்ல. அந்தக் கேள்வியைப் பாடமாக எந்தப் பீடமும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதன் விளைவு.

சூழல் புவி அறிவியலும் கொள்கையும் சேர்ந்த ஒரு படிப்பு இங்கே வேண்டும் என்று சொல்லும்போது எழும் மறுப்பையும் எடைபோட வேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டிலும் ஆழமில்லாத பட்டதாரி வருவார். தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிக்கை தட்டச்சு செய்பவராக முடிவார் என்பது அந்த மறுப்பு. இதில் நியாயம் உண்டு. ‘சூழல்’ என்ற சொல்லைப் பெயரில் சேர்த்துக்கொண்டு கணிதத்தைக் கைவிட்ட பாடநெறிகள் எங்கும் இருக்கின்றன. ஆகவே கலவை அல்ல, ஒரே இடத்தின்மேல் இரு பயிற்சிகளும் நடப்பதே தேவை என்று நினைக்கிறேன். பாடத்தின் அலகு ஒரு துறையாக இராமல் சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து மருதமுனைக் கரைவரையான மணலின் வழியாக இருக்கட்டும். அதன் மேல் ஒருவர் அலையைக் கணக்கிடட்டும்; மற்றவர் அதே வழியில் வரும் அனுமதிப் பத்திரங்களையும் வழக்குகளையும் வாசிக்கட்டும்; இருவரும் ஒரே ஆய்வேட்டில் கையொப்பமிடட்டும். வயல்களைப் பார்க்கும் வட்டவிதானைக்கும் கரைவலைச் சம்மாட்டிக்கும் தெரிந்ததை எழுதிவாங்குவதும் அதன் பகுதி. மணல் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ஓடும் என்று சம்மாட்டி எந்தக் கணித மாதிரியும் இல்லாமலே சொல்வார். அதைச் சான்றாகப் பதிவுசெய்யும் முறைதான் நம்மிடம் இல்லை.

7. சொறிக்கல்முனைப் பக்கமிருந்து

பெரும்போகத்தின் நடுவில், வாடை மழை அடைத்துப் பெய்யும் நாட்களில், கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் ஓடும். நாவிதன்வெளி ஊர்கள் கல்முனையிலிருந்து துண்டிக்கப்படும். 2011 ஜனவரியில் இப்பகுதி முழுவதும் கண்ட வெள்ளத்துக்குப் பின்னும் இது மாறவில்லை. 2024 நவம்பர் 26 அன்று, பின்னர் ஃபெங்கல் எனப் பெயர்பெற்ற தாழமுக்கத்தின் மழையில், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வீதியைக் கடந்த உழவு இயந்திரம் அள்ளுண்டு, வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர்கள் பலர் உயிரிழந்தார்கள். அது உழவு இயந்திரத்தைப் பற்றிய செய்தியாகவே பெரிதும் பேசப்பட்டது. மேற்கேயிருந்து வரும் நீர் அத்தனையும் மணல் மேட்டுக்குப் பின்னால் தேங்கிச் சில வாய்களால் மட்டுமே வெளியேற வேண்டிய நிலத்தில், வீதிகளை நீரோட்டத்தின் குறுக்கே போட்டிருக்கிறோம் என்பது பின்னால் போய்விட்டது.

மணல் அடைத்த முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதும் இந்த நிலத்தின் பழைய வழக்கு. மட்டக்களப்பு வாவியின் தென்கோடி கல்முனைப் பக்கம்வரை வருகிறது. வெட்டினால் வயல் தப்பும், உவர்நீர் ஏறும். வெட்டாவிட்டால் வாவி நிறையும், கதிர் அழுகும். விவசாயிக்கு ஒரு கணக்கு, மீனவருக்கு ஒரு கணக்கு. செயலகக் கூட்டத்தில் அந்த நேரத்து நீர்மட்டத்தையும் அந்த நேரத்துச் சத்தத்தையும் வைத்து முடிவாகிறது. வெட்டிய நாளும் நீர்மட்டமும் உவர்த்தன்மையும் ஆண்டுதோறும் ஒரே ஏட்டில் சேர்ந்திருந்தால், அந்தக் கூட்டம் வேறுவிதமாக நடக்கும்.

இதனாலேயே முதலில் வேண்டியது புதிய பீடமோ கட்டடமோ அல்ல என்பேன். பாலமுனையிலிருந்து மருதமுனைவரை கரையில் நிலையான குறிகள் நட்டு, வாடைக்கு முன்னும் பின்னும், தெற்கத்திக் காற்றான சோழகத்துக்கு முன்னும் பின்னும் கரையின் குறுக்குவெட்டை மாணவர்கள் அளந்துவருவது. அதே மாணவர்கள் கிட்டங்கியிலும் மாவடிப்பள்ளியிலும் நீர்மட்டத்தையும், கரையோரக் கிணறுகளில் உப்பையும் அளப்பது. மட்டக்கோலும் நாடாவும் மின்கடத்துதிறன் மானியும் போதும்.

சூழல் தாக்க மதிப்பீட்டின்மேல் பொதுமக்கள் கருத்துச் சொல்லச் சட்டம் தரும் காலம் 30 நாட்கள். 30 நாட்களில் ஒரு கரையை அளக்க முடியாது. ஒரு வாடையும் ஒரு சோழகமும் கடந்தாக வேண்டும். நம்பத்தகுந்த அளவுக்கு அப்படிப் பல ஆண்டுகள் வேண்டும். அடுத்த துறைமுகமோ, இறங்குதுறையோ, கல்லணையோ, மணல் அகழ்வோ வர்த்தமானியில் வரும் நாளில் அந்த அளவுகள் ஏற்கெனவே தமிழில், மீனவர் சங்கமும் பிரதேச செயலகமும் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தாக வேண்டும்.